பிச்சைமணியின் ஊர்

1943 ஜூன் 7: பிச்சைமணி சுரங்க வேலைக்குப் பெயர் கொடுத்தார். முன்பணம் ரூ. 20.
1944 பிப்ரவரி 19: இறந்தார். மனைவி மாரித்தாய்க்கு வந்தது ரூ. 85.
1959: மகன் முனீஸ்வரன் எஸ்டேட் பதிவில் சேர்ந்தார்.
2023 ஜூலை 3: கொள்ளுப்பேத்தி இந்துவின் சாதிச் சான்றிதழ் மனு.
2023 அக்டோபர் 31: செவிலியர் படிப்பில் சேரக் கடைசி நாள்.

இந்துவின் அப்பா மணிகண்டன் கேரளத் தேயிலை மலையில், சித்திரபுரத்தில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறார். பட்டியல் சாதிச் சான்றிதழ் இருந்தால் இந்துவுக்கு இடம் உறுதி. தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பம் என்பதால், அதற்கு 1950க்கு முன்பே குடும்பம் இந்த மலையில் இருந்ததைக் காட்ட வேண்டும். மணிகண்டனின் அப்பா முனீஸ்வரனின் பதிவு ஒன்பது வருஷம் பிந்திவிட்டது. மிச்சம் பிச்சைமணிதான். யுத்தத்தில் ரயிலுக்கு நிலக்கரி போதாமல் எஸ்டேட்டுகளிலும் ஆள் எடுத்தபோது அஸ்ஸாமுக்குப் போனவர். சுரங்கக் கூரை சரிந்து செத்தார்.

நான் மின்வாரியத்தில் பதிவேடு எழுதி ஓய்வு பெற்றவன். மணிகண்டன் கேட்டதால் சுரங்க அலுவலகத்துக்கு மூன்று முறை எழுதினேன். செப்டம்பரில் இறப்புப் பதிவின் நகல் வந்தது. அதில் சொந்த ஊர்: வேப்பங்குளம், திருநெல்வேலி ஜில்லா.

தாலுகா அலுவலகத்தில் கிளார்க் பின்சி அதைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"சாரே, ஆள் திருநெல்வேலி அல்லே. இத வச்சு நான் என்ன செய்ய?"

பின்சி விலாசம் எழுத, என்னுடன் வந்திருந்த மணிகண்டனிடம் ஊர் கேட்டார்.

"வேப்பங்குளம், மேடம்."

"அங்கயா பிறந்தது?"

"இல்ல மேடம், இங்கதான். நாலாம் லயன்ல."

"பின்னே எதுக்கு வேப்பங்குளம்னு சொன்னது?"

"அங்கதான எங்க சாமி இருக்கு. கோயில் கொடைக்கு ரெண்டு தடவ போயிருக்கேன். வெயிலு தாங்கல, மறுநாளே ஓடி வந்துட்டேன்."

பின்சி பேனாவைக் கீழே வைத்தார். எஸ்டேட்டில் யாரிடம் ஊர் கேட்டாலும் குலசாமி இருக்கும் ஊரைத்தான் சொல்வார்கள். பிச்சைமணியும் அப்படித்தான் சொல்லியிருப்பார். இத்தனை வருஷம் இவர்களோடு இருந்தும் எனக்கு அது தோன்றவில்லை. பின்சி அதைக் குறிப்பாக எழுதி விசாரணைக்கு அனுப்பினார்.

அக்டோபர் 18 அன்று விசாரணை அதிகாரி எஸ்டேட் தொழிலாளர் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கு வந்தார். முன்பு தேயிலைக் கொழுந்து கிள்ளிய சாந்தம்மாள் வாசலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவுக ஊரு எதுன்னே கேக்கீகளே. செத்ததுக்கு எங்க காரியம் செஞ்சாகன்னு ஒருத்தரும் கேக்கலியே."

அவளே வழி காட்டினாள். உடல் வராததால், பிச்சைமணி விட்டுப்போன கம்பளியை மாரித்தாய் எஸ்டேட் இடுகாட்டில் புதைத்துக் கல் நட்டிருக்கிறாள். பாசியைச் சுரண்டினோம். பெயரும் 1944ம் தெரிந்தன. ஊரில் குடும்பம் இருந்திருந்தால் காரியம் ஊரில்தான் நடந்திருக்கும். அதிகாரி படம் எடுத்துக்கொண்டார்.

"இது போதும். ஆனா ஃபைல் மேலே போய் வரணும்," என்றார்.

மேலே போனது வரவில்லை. அக்டோபர் 31 கழிந்தது. நவம்பர் 6 அன்று இந்து கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் பொட்டலம் கட்டும் வேலைக்குப் புறப்பட்டாள். மணிகண்டன் பையைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு ஜீப்பில் போய் உட்கார்ந்துகொண்டார்.

"தாத்தா, அது வந்தா அடுத்த வருஷத்துக்குச் செல்லுமா?" என்று இந்து கேட்டாள்.

"செல்லும்," என்றேன்.

"அதுக்குள்ள இன்னொரு தாளு கேக்காம இருக்கணும்," என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

சான்றிதழ் வழங்கலாம் என்ற கடிதம் வந்து சேர்ந்தது 2023 நவம்பர் 21.