கூரையைத் தொடாத தூண்

சேலம் பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. மழைக்காக ஏற்காடு கடைவீதியில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் ஒதுங்குகிறேன். கடை நடுவில் பச்சை பெயிண்ட் அடித்த ஒரு தூண். அதைச் சுற்றியுள்ள மேசைகளில்தான் கூட்டம். ஓரத்து மேசைகள் காலியாகக் கிடக்கின்றன. தூணை ஒட்டி ஒருவர் எழுந்ததும் அங்கே உட்கார்கிறேன். குடையைச் சாய்க்கும்போது விரல் பட்டு, தூண் டொக்கென்கிறது. அண்ணாந்து பார்த்தால், அதன் தலைக்கும் கூரைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி.

இட்லியோடு வந்த கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டுக் குனிகிறார்.

“பலகைதானுங்க. சத்தமாச் சொல்லிப்போடாதீங்க.”

“அப்போ மாடி எதுல நிக்குது?”

“மேல செவுத்துக்குச் செவுரு இரும்பு கர்டர் கெடக்குதுங்க. மொத்தப் பாரமும் அதுமேலதான். எடம் பத்தலைன்னு கர்டரப் போட்டு நெசத் தூண எடுத்தனுங்க. அப்பறம் ஒருத்தரும் உள்ள வரலீங்க. வாசல்ல நின்னு மேல பாத்துட்டு அடுத்த கடைக்குப் போயிட்டாங்க. நொம்பக் கஷ்டமாப் போச்சு. ஆசாரிகிட்டச் சொல்லி இத நட்டு வெச்சனுங்க.”

“இப்போ?”

“இந்த மேசைக்குத்தான் சண்டைங்க!”

அவர் சிரிக்கும்போதே வெளியே மரம் ஏற்றிய லாரி ஒன்று உறுமிக்கொண்டு மேடேறுகிறது. தட்டுகள் அதிர்கின்றன. கூரையிலிருந்து சுண்ணாம்புத் தூள் உதிர்கிறது. கடைக்காரரின் கை சட்டென்று தூணைப் பிடிக்கிறது.

என் கை அதற்கு முன்பே அங்கே இருக்கிறது.