செவ்வாய்க்கிழமை வகுப்பில் போங்சிக்குக் கிடைத்த ஜோடி

எங்கள் துறைமுகத்தில் போங்சியைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரு காலத்தில் மீன் ஏலக் கொட்டகையில் அவள் வாயைத் திறந்தால் ஏலக்காரன் குரல் அமுங்கிப்போகும். போங்சி என்றால் ‘போகட்டும், வளர்ப்போம்’ என்று அர்த்தம். மறுபடியும் பெண்ணாகப் பிறந்துவிட்டதே என்று சலித்துக்கொண்ட அப்பன் வைத்த பெயர். அவளுக்கு அதில் வருத்தம் கிடையாது. “போனா போகட்டும்னு விட்டதாலதான் இவ்வளவு திடமா வளர்ந்திருக்கேன்” என்பாள்.

இருபது வயதில் அவளைச் சுயிலாய்க்குக் கட்டிக்கொடுத்தார்கள். அப்போது அவன் சூரை மீன் பிடிக்கும் படகில் கூலியாள். பிற்பாடு கேப்டன் ஆனான். படகு கிளம்பினால் திரும்பிவர மாதக்கணக்காகும். போங்சி மீன் அறுத்து, கூடை சுமந்து, மாமியாரையும் மூன்று பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டாள்.

ஐஸ் ஃபாக்டரி வாசலில் சுன்தோ என்ற பெண் நூடுல்ஸ் கடை வைத்திருந்தாள். சுயிலாய் முதலில் அங்கே சாப்பிடப் போனான். பிறகு கடைக்குப் பின்னால் இருந்த அறையிலேயே தங்க ஆரம்பித்தான். ஊருக்கெல்லாம் தெரிந்த விஷயம் போங்சியின் காதுக்கு மட்டும் வரவில்லை. ஒருநாள் சந்தையில் யாரோ ஒரு பிள்ளை பிறந்து ஒரு மாதம் நிறைந்ததென்று பொட்டலம் பொட்டலமாக எண்ணெய்ச் சோறு கொடுத்துக்கொண்டு போனார்கள். போங்சி கையிலும் ஒன்று வந்தது. “யாரு வீட்டுப் பிள்ளை?” என்று கேட்டாள். பக்கத்தில் மீன் அறுத்துக்கொண்டிருந்த நாங்கள் யாரும் தலையை நிமிர்த்தவில்லை. அப்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. நின்றபடியே அந்தச் சோற்றை ஒரு பருக்கை விடாமல் தின்றாள். கையைக் கழுவிக்கொண்டு கத்தியை எடுத்தாள்.

சண்டைக்குப் போவாள் என்று எதிர்பார்த்தவர்களுக்கு ஏமாற்றம்தான். அவள் சக்களத்தியின் வாசலை மிதிக்கவேயில்லை. சுயிலாய்க்குப் புத்தாண்டும் முன்னோர் படையலும் போங்சி வீட்டில்; மற்ற நாள் எப்படியோ. காலைச் சந்தை இவளுக்கு, மாலைச் சந்தை அவளுக்கு என்று தானாகவே ஒரு வழக்கம் வந்துவிட்டது. ஒரே ஊரில், கூப்பிடு தூரத்தில், நாற்பது வருஷம் இரண்டு பெண்களும் ஒரு வார்த்தை பேசாமல் வாழ்ந்தார்கள். பார்த்துப் பார்த்து எங்களுக்கும் அது பழகிப்போயிற்று.

ஈரல் கெட்டுச் சுயிலாய் செத்தபோது, இறுதிச் சடங்கில் சுன்தோவின் மகனைக் கடைசி வரிசையில் மண்டியிட அனுமதித்தார்கள். அவளை அனுமதிக்கவில்லை. எதிர்ப்பக்கத்து மருந்துக் கடையின் தகரக் கூரைக்குக் கீழே, மழையில், ஊர்வலம் போய் முடியும்வரை நின்றாள். போங்சி அதைப் பார்த்தாள்.

அதற்கப்புறம் சில வருஷம் கழித்துப் போங்சி குளியலறையில் வழுக்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, ஆனால் பயம் வந்துவிட்டது. சதா நாற்காலியும் டிவியுமாகக் கிடந்தாள். “இப்படியே உக்காந்திருந்தீங்கன்னா அப்புறம் எழுந்திரிக்கவே முடியாது” என்றார் டாக்டர். தைபேயில் இருக்கும் மூத்த மகன் புன்ஹியோங் தன்னோடு வந்துவிடச் சொல்லி நச்சரித்தான். அவளுக்கு அது பிடிக்கவில்லை. அப்போதுதான் நான் அவளை கடல் தெய்வம் மாட்சுவின் கோயிலை ஒட்டியிருக்கும் சமூகக் கூடத்துக்குக் கூப்பிட்டேன். செவ்வாயும் வெள்ளியும் முதியவர்களுக்கு உடற்பயிற்சி. வந்தவுடன் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள். பயிற்சி முடிந்ததும் ஒன்றாகச் சாப்பாடு. அதற்கப்புறம் பாட்டுப் பாடுகிறவர்கள் மைக்கைப் பிடிப்பார்கள், மற்றவர்கள் மாஜோங் கட்டை ஆடுவார்கள்.

போங்சி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், “அவ வர்றாளா?” என்றாள்.

“வர்றா.”

“வந்தா வரட்டும். கூடம் அவ அப்பன் வீட்டுச் சொத்தா?”

சுன்தோ அங்கே வெறுமனே வருகிறவள் இல்லை. கடையை மூடியபின் கூடத்துச் சமையலே அவள் கையில்தான் இருந்தது. போங்சி உள்ளே நுழைந்த முதல் நாள், கரண்டியோடு அடுப்படி வாசலில் நின்றவள் அப்படியே பின்வாங்கி உள்ளே போனாள். கூடத்தை நடத்தும் பெக்ஹுன் விவரம் தெரிந்தவள். அரைவட்டமாகப் போட்ட நாற்காலிகளில் இந்தக் கோடியில் போங்சியையும் அந்தக் கோடியில் சுன்தோவையும் உட்கார வைத்தாள். “நடுவுல நாங்க எல்லாரும் எல்லைப் போலீஸ்” என்றார் தெங் கிழவர். ஆண்கள் நாலைந்து பேர்தான். அதில் வாய் அடங்காதவர் அவர். போங்சி அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்ட ஆரம்பித்தார்.

சாப்பாட்டு நேரத்தில்தான் வேடிக்கை. சுன்தோ சமைத்ததைப் போங்சி சாப்பிடுவாளா என்று எல்லோர் கண்ணும் அவள் தட்டின்மேல். மீன் உருண்டை சூப்பை உறிஞ்சிவிட்டு, யாரிடமோ சொல்வதுபோல, “உப்பு கம்மி” என்றாள். அடுத்த வாரம் உப்பு சரியாக இருந்தது. போங்சி இன்னொரு கிண்ணம் வாங்கிக் குடித்தாள்.

இப்படியே கோடிக்கு ஒருவராகக் காலம் போயிருக்கும். ஆனால் எங்கள் பழைய டீச்சர் பிரசவத்துக்குப் போனாள். அவளுக்குப் பதிலாக நகரத்திலிருந்து ஷென் டீச்சர் வந்தாள். சுறுசுறுப்பான பெண், ஊர்க்கதை தெரியாது. முதல் நாளே ரப்பர் பட்டைகளைக் கொண்டுவந்து, எல்லோரையும் எழுந்து நிற்கச் சொல்லி, உயரம் பார்த்து ஜோடி சேர்த்தாள். எங்களில் உயரமானவர்கள் இரண்டு பேர்தான். சுயிலாய்க்கு உயரமான பெண்கள்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

“நீங்க ரெண்டு பேரும் எதிரெதிரா உக்காருங்கம்மா. ஆளுக்கு ஒரு முனையைப் பிடிச்சுக்கோங்க.”

பெக்ஹுன் அலுவலக அறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுக் கையைப் பிசைந்தாள். சுன்தோ முகம் வெளுத்துப்போய், “டீச்சர், எனக்கு அடுப்புல வேலை இருக்கு” என்றாள்.

“அடுப்பு எங்கயும் ஓடிடாது. உக்காருங்க.”

போங்சி ஏற்கெனவே உட்கார்ந்து ஒரு முனையைப் பிடித்திருந்தாள். மறு முனையை நீட்டினாள். “பிடி” என்றாள்.

நாற்பது வருஷத்தில் அவள் சுன்தோவிடம் சொன்ன முதல் வார்த்தை அது.

பயிற்சி தொடங்கியது. மாறி மாறி இழுக்க வேண்டும். ஒருவர் இழுக்கும்போது மற்றவர் விட்டுக்கொடுக்காமல் தாங்க வேண்டும். நாங்களெல்லாம் பேருக்கு இழுத்துக்கொண்டு கண்ணை அங்கேதான் வைத்திருந்தோம். போங்சி மீன் கூடை இழுத்த கையால் இழுத்தாள். சுன்தோ மாவு பிசைந்த கையால் தாங்கினாள். பட்டை நரம்பு மாதிரி விறைத்து நின்றது. ஒருத்தி கையை விட்டால் மற்றவள் முகத்தில் சுளீரென்று அடிக்கும். இரண்டு பேருக்கும் நெற்றியில் வியர்வை வழிந்தது. யாரும் விடவில்லை.

ஷென் டீச்சர் கை தட்டினாள். “எல்லாரும் இங்க பாருங்க. இவங்கள மாதிரி இழுக்கணும். இவ்வளவு அழகா ஒத்துப்போற ஜோடியை நான் எங்கயும் பார்த்ததில்ல.”

தெங் கிழவருக்குப் புரையேறிவிட்டது. முதுகில் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

வகுப்பு முடிந்ததும் பெக்ஹுன் அந்தப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். பாவம், அடுத்த வகுப்பில் நேராகப் போங்சியிடம் வந்து நின்றாள். “மன்னிச்சுக்கங்கம்மா, எனக்குத் தெரியாது. ஜோடியை மாத்திடுறேன்.”

“எதுக்கு மாத்தணும்?” என்றாள் போங்சி. அடுத்து நின்ற என்னைத் தாடையால் காட்டினாள். “இந்த ஆலியென்கூடப் போட்டா நான் ஒரு இழுப்பு இழுத்ததுமே இவ குப்புற விழுந்துடுவா. அவதான் தாங்குறா. இருக்கட்டும்.”

அப்படியே இருந்தார்கள். முதலில் வேலைப் பேச்சு மட்டும்தான். “முழங்கையை இறக்கு.” “மூச்சைப் பிடிக்காதே.” சுன்தோ வெறுமனே தலையாட்டுவாள். ஒருநாள் பட்டையை மடித்துவைக்கும்போது, “அக்கா, உங்களுக்கு இடது தோள் வலிக்குதா? சரியா தூக்க மாட்டேங்குறீங்க” என்றாள். அக்கா என்ற அந்தச் சொல்லைக் கேட்டு நான் திடுக்கிட்டுப் போங்சியைப் பார்த்தேன். அவள் தோளைத் தடவிக்கொண்டு, “குளிர் வந்தா வலிக்கும்” என்றாள்.

அந்த மாரிக்காலத்தில், சாப்பிட்ட பின் மேஜையில் போங்சி, சுன்தோ, நான் மூன்று பேரும் சர்க்கரைவள்ளிக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். உள்ளே தெங் கிழவர் மைக்கில் ஏதோ பழைய காதல் பாட்டை அடித்தொண்டையில் கதறிக்கொண்டிருந்தார். போங்சி கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“உன் வீட்ல அவரு நிறையப் பேசுவாரா?”

சுன்தோ கை நின்றது. “எங்க பேசினாரு? வருவாரு, சாப்பிடுவாரு, சுவத்தைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்குவாரு. உங்க வீட்ல எல்லாத்தையும் பேசித் தீர்த்துட்டு வர்றாருன்னு நெனச்சுக்குவேன்.”

“என் வீட்லயா?” போங்சி நிமிர்ந்தாள். “என்கிட்ட ‘உப்பு’, ‘வெந்நி’, ‘கிளம்புறேன்’, அவ்வளவுதான். அங்க போயி உன்கூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருப்பாருன்னு நெனச்சேன். அத நெனச்சு நெனச்சே எத்தனையோ நாள் சோறு இறங்காம இருந்திருக்கேன்.”

“நானும்தான் அக்கா.”

சுன்தோ ஒரு முற்றிய தண்டை ஒடித்துத் தள்ளிவைத்தாள். “குறட்டை மட்டும் நல்லா விடுவாரு” என்றாள். போங்சிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

அடுத்த செவ்வாய் அவள் வகுப்புக்கு வரவில்லை. வெள்ளியும் வரவில்லை. உடம்புக்கு என்னவோ என்று பால்மீன் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். டிவியைக்கூடப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யல. யோசிச்சுக்கிட்டிருக்கேன்.” கஞ்சியைக் கிளறினாள். “அவ ஏதோ ஒரு மனுஷனை என்கிட்டருந்து எடுத்துக்கிட்டான்னு இத்தனை வருஷம் எரிஞ்சுக்கிட்டிருந்தேன். அப்படி ஒரு மனுஷனே இல்லையே, ஆலியென். அவளுக்கும் கிடைக்கல, எனக்கும் கிடைக்கல. அந்த ஆளு முழுசா கடல்லயே இருந்துட்டாரு. இப்ப நான் யாரைப் போயி கோவிச்சுக்கிறது?”

அவள் கஞ்சியைக் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன். மறு செவ்வாய் அவளாகவே வந்து பட்டையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

வசந்தத்தில் வட்டாரத்துக் கூடங்களுக்கெல்லாம் போட்டி வைத்தார்கள். எங்கள் கூடத்துக்கு ரப்பர் பட்டை நடனம். எல்லோருக்கும் ரோஜா நிறச் சட்டை, தெங் கிழவருக்கும்தான். ஜோடிகளில் போங்சியும் சுன்தோவும் முதல் வரிசை. அம்மா மேடையேறுகிறாள் என்று புன்ஹியோங் குடும்பத்தோடு வந்து இறங்கினான். அம்மாவுக்கு எதிரே நிற்பது யார் என்று கண்டதும் அவன் முகம் கறுத்தது. எங்களுக்கு மூன்றாம் பரிசாக ஆளுக்கொரு அரிசிப் பை கிடைத்தது. அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது அம்மாவை வழிமறித்தான்.

“ஊர்ல வேற ஆளே கிடைக்கலையாம்மா? நாலு பேரு என்ன பேசுவாங்க?”

“பேச வேண்டியதையெல்லாம் அவங்க அப்பவே பேசி முடிச்சாச்சு.”

“அப்பா உனக்குப் பண்ணினதையெல்லாம் மறந்துட்டியா?”

“அவரு பண்ணினதுக்கு அவர்தான் கணக்குச் சொல்லணும். அவரு போயிட்டாரு. நானும் இவளும்தான் மிச்சம்.” அவன் தோளைத் தட்டினாள். “உனக்குப் பிடிக்கலன்னா பரவாயில்லப்பா. பிடிச்சே ஆகணும்னு நான் சொல்லல. அரிசிப் பையைக் கார்ல வை, கனமா இருக்கு.”

அவன் வைத்தான். சுன்தோவிடம் அன்று அவன் பேசவில்லை. இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

சுயிலாயின் திதி வந்தபோது போங்சி படையல் கூடையை எடுத்துக்கொண்டு நேராகச் சுன்தோவின் வாசலுக்குப் போனாள். அந்த வாசலை அவள் மிதித்தது அதுதான் முதல் தடவை. “கிளம்பு” என்றாள். சுன்தோ கறுப்புச் சட்டை மாற்றிக்கொண்டு வந்தாள். நான் மூன்றாவது ஆளாகத் துணைக்குப் போனேன். குன்றின்மேல் இருக்கும் அஸ்தி மாடத்தில் சுயிலாயின் பெட்டகம் கொஞ்சம் உயரத்தில் இருந்தது. ஊதுபத்தி ஏற்றிச் சுன்தோ கையில் கொடுத்துவிட்டுப் போங்சி என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். கீழே கடல் அமைதியாகத் தெரிந்தது. சுன்தோ வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள். கண் சிவந்திருந்தது. இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு படி இறங்கினார்கள். முழங்கால் வலிக்காக என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது சுன்தோ ஊரில் இல்லை. கண் பார்வை மங்கிவிட்டதால் தாய்ச்சுங் நகரத்தில் இருக்கும் மகன் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டான். பஸ் ஏறுகிற அன்று போங்சி வழியனுப்ப வந்தாள். “அங்கயும் ஏதாவது கூடம் இருக்கும். போயி சேர்ந்துக்க. சும்மா உக்காந்துடாதே” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு, பஸ் நகருமுன்பே திரும்பி நடந்துவிட்டாள். அவள் அழுதாளா என்று எனக்குத் தெரியாது. நான் பின்னால் போகவில்லை.

சமையலை இப்போது நானும் பெக்ஹுனும் பார்த்துக்கொள்கிறோம். போங்சி என்னோடு ஜோடி. மெதுவாகத்தான் இழுக்கிறாள். செவ்வாய்க்கிழமை சாப்பாட்டு நேரத்தில் சுன்தோ ஃபோன் செய்வாள். பெக்ஹுன் அதை மேஜை நடுவில் வைத்துச் சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

“அக்கா, தோள் எப்படி இருக்கு?”

“தோளு கிடக்கட்டும். நீ அங்க யாரைப் பிடிச்சு இழுக்குற?”

“ஒரு வாத்தியாரம்மா. நல்லாப் பேசுறாங்க. ஆனா இழுக்கத் தெரியல.”

“சொல்லிக்கொடு” என்பாள் போங்சி, குச்சியால் சோற்றை அள்ளிக்கொண்டே.