தள்ளுங்க அண்ணே

செமோர் பக்கத்து மலைகளில் புகைப்படம் எடுக்கப் போகும்போது எங்கள் சாமான்களைச் சுமப்பவர் சில்வெஸ்டர் அண்ணன். வயது ஐம்பத்தெட்டு. முட்டி இரண்டும் போய்விட்டன. லென்ஸ் பையை ஒரு முனையிலும் டிரைபாடை மறுமுனையிலும் காண்டா கம்பில் தொங்கவிட்டு, காவடிபோலத் தோளில் வைத்துக்கொண்டு ஏறுவார். முன்பு தோட்டத்தில் அவர் ரப்பர் பால் வாளிகள் தூக்கிய அதே கம்பு. நல்ல முதுகுப்பை ஒன்று வாங்கிக் கொடுத்தோம். "இதுல போட்டா பால் சிந்திரும்லா" என்று திருப்பித் தந்துவிட்டார்.

பன்னிரண்டு வருஷமாக அவரிடம் நாங்கள் அதிகம் சொன்னது, "தள்ளுங்க அண்ணே"தான். அவர் குறுக்கே வந்தால் படம் கெட்டுவிடுமாம். கருமம்.

போன ஞாயிறு உச்சியில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தவரிடம், "அண்ணே, அந்தப் பாறைமேல நில்லுங்க" என்றேன். திகைத்துப்போய் எழுந்தார். சோதனைக்காக ஒரு படம் எடுத்துப் பார்த்தேன். வெளிச்சம் சரியாக இருந்தது. அதை அழித்துவிட்டு, "போதும், தள்ளுங்க" என்று சொல்ல நிமிர்ந்தேன்.

தலையைக் கையால் கோதிவிட்டு, சட்டையின் மேல்பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இருலா தம்பி, இன்னும் ரெடியாகல."