இரண்டு முறை மிதித்த பெடல்

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டர் பார்க்கிற வேலை எனக்கு. பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் நான்தான், மேனேஜரின் செல்போனில் சார்ஜ் ஏறாவிட்டாலும் நான்தான். இந்தப் பேஜாருக்கு வடிகாலாக வீட்டில் வேறொரு வேலை செய்துகொண்டிருந்தேன்.

எங்கள் கம்பெனியில் தோல் அளக்கும் மெஷினோடு ஒரு கிழட்டுக் கம்ப்யூட்டர் ஒட்டிக்கொண்டிருந்தது. அதில் ஓடிய ஆபரேட்டிங் சிஸ்டத்தைச் செய்தவர்களே அதைக் கைகழுவிவிட்டார்கள். புதுக் கம்ப்யூட்டரில் அது ஏறாது. உலகம் முழுக்க இப்படி மாட்டிக்கொண்ட மெஷின்கள் ஏராளம். அதனால் முகம் பார்க்காத ஏழெட்டுப் பேர் இணையத்தில் சேர்ந்து, அதன் கெர்னலுக்கு மாற்றாக ஒன்றை எழுதிக்கொண்டிருந்தோம். கெர்னல் என்றால் கீபோர்டு, பெடல், டிஸ்க் எல்லாவற்றையும் புரோகிராம்களோடு பேச வைக்கும் அடிப்பகுதி. எங்களுடையதை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம்.

எங்களுக்குள் ஒரே விதி: பழையது எப்படி நடந்ததோ அப்படியே புதியதும் நடக்க வேண்டும், தப்புகள் உட்பட. எனக்கு அந்த விதியைக் கண்டாலே எரியும். பழைய கெர்னல் பெடலை அடுத்தடுத்து இரண்டு முறை மிதித்தால் ஒன்றை விழுங்கிவிடும். சில நேரம் ஒரே மிதியையும் விழுங்கும். நான் அதைச் சரிசெய்தேன். குழுவின் தலைவர், எங்கோ குளிர் நாட்டில் இருப்பவர், "அந்தத் தப்பைத் தொடாதே. அதை நம்பி யாராவது வேலை செய்துகொண்டிருப்பார்கள்" என்று எழுதினார். "குப்பையைப் பத்திரப்படுத்த நான் வரவில்லை" என்று பதில் போட்டுவிட்டு, என் திருத்தத்தோடேயே எங்கள் மெஷினில் ஏற்றினேன்.

"ஓசியில கெடைக்கிறது எப்டிம்மா உருப்படும்? ஏதாச்சும் ஆச்சுன்னா நீதான் பொறுப்பு" என்றார் மேனேஜர்.

மெஷினை ஓட்டியவர் மாதனூர் அக்கா ஒருவர். இருபது வருடமாக அதே இடம். அவருக்கும் எனக்கும் ஆகவே ஆகாது. "நல்லா ஓடினு இருந்தத இன்னாத்துக்கு நோண்ற?" என்று எல்லார் முன்னாலும் கேட்பார். தோல் உள்ளே போகும், அளவு திரையில் வரும், அக்கா பெடலை மிதித்தால் அது பட்டியலில் ஏறும். அளந்த தோல்கள் கட்டாகி, பட்டியலோடு தோல் வெட்டும் கட்டிங் செக்‌ஷனுக்குப் போகும்.

பத்து நாளில் கட்டிங்கில் கத்த ஆரம்பித்தார்கள். பட்டியலில் நாற்பது தோல், கட்டில் முப்பத்தெட்டு. அடுத்த கட்டிலும் குறைந்தது. மேனேஜர் யோசிக்கவே இல்லை. வியாழன் சாயங்காலம், பஸ் ஏற வரிசையில் நின்ற அத்தனை பெண்கள் முன்னாலும் கேட்டில் அக்காவின் பையைக் கொட்டச் சொன்னார். டிபன் பாக்ஸ், மாத்திரை அட்டை, ஒரு கர்சீப். அவ்வளவுதான் விழுந்தது.

"இன்னிக்கு இல்லன்னா நேத்தே எடுத்துனு போயிருப்ப" என்றார்.

நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். 'நல்லா வேணும்' என்று நினைத்தேன். எழுதவே கூசுகிறது, ஆனாலும் நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை வேறு ஏதோ வேலையாக மெஷின் பக்கம் போனேன். வேலை மும்முரமாக ஓடிக்கொண்டிருந்தது. அக்காவின் கால் பெடலில் டக் டக் என்று இரண்டு முறை விழுந்தது. அடுத்த சில தோல்களுக்கு ஒரே டக். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் டக் டக்.

"ஏங்க்கா ரெண்டு வாட்டி?"

"ஒரு தபா மிதிச்சா சில நேரம் எடுத்துக்காது. மத்த நேரம் திரைய பாத்துக்குவேன், அவசரத்துல பாத்துனு நிக்க முடியுமா? ரெண்டு தபா மிதிச்சா கண்டிப்பா எடுத்துக்கும். இருபது வருஷமா இப்டித்தான்."

பழைய கெர்னல் இரண்டில் ஒன்றை விழுங்கியது. என்னுடையது இரண்டையும் எழுதியது. ஒரே தோல் பட்டியலில் இரண்டு தோலானது. எதுவும் காணாமல் போகவே இல்லை.

அப்போதே கத்திச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. 'நீதான் பொறுப்பு' என்ற வார்த்தை காதில் நின்றது. மத்தியானத்துக்குள் பழைய தப்பைத் திரும்ப ஏற்றினேன். திங்கள் பக்குவமாகச் சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அன்று மாலைக் கட்டு சரியாக இருந்தது. சனிக்கிழமைக் கட்டும் சரி.

"பையக் கொட்னதும் எல்லாம் சரியா வருது பாத்தியா?" என்றார் மேனேஜர். அதுவே சாட்சியாகிவிட்டது. சனிக்கிழமை சாயங்காலமே அக்காவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்.

திங்கள் காலை எல்லாவற்றையும் மேனேஜரிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டார். "இப்ப அவள திரும்பக் கூப்ட்டா மத்தவங்க என்னப் பத்தி இன்னா நெனைப்பாங்க? வுடும்மா. மெஷின் ஓடுது இல்ல?" அந்த ஆளை அறையலாம் போல இருந்தது. அதற்கு முன் என்னை அறைந்துகொள்ள வேண்டும்.

சாயங்காலம் மாதனூரில் இறங்கி அக்கா வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வாசலில் நின்று, அழுதுகொண்டே சொல்லி முடித்தேன். அவர் அழவில்லை.

"பஸ்ஸு பூரா பாக்க என் பையக் கொட்னாங்க. நீ எங்கூட்டு வாசல்ல வந்து காதோட சொல்லிட்டுப் போயிடுவியா? அங்க போய்ச் சொல்லு." கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் காலை கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று சொன்னேன். அக்கா எடுக்கவில்லை, தப்பு என்னுடையது, ஒரு மிதிக்குப் பதில் இரண்டு ஏறிவிட்டது என்று குரல் உடைய உடையச் சொன்னேன். எல்லாரும் கேட்டார்கள். சிலர் உச்சுக் கொட்டினார்கள்.

முன் சீட்டில் இருந்தவள் திரும்பினாள். "அப்போ அந்தத் தோல யார்தான் எடுத்தது?"

"தோலே காணாமப் போகல. பட்டியல்தான் தப்பு."

கம்பெனி வாசல் வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். இறங்கும்போது என் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"யாருன்னு உனக்குத் தெரியும் இல்ல?"