சிவப்பு வெல்வெட்காரி

நீங்கள் நம்ப மாட்டீர்கள். மறுநாளே எல்லாவற்றையும் எழுதிவைத்தேன். அப்படியும் எனக்கே என்மேல் சந்தேகம்தான். ஆனால் இது நடந்தது.

ஒஸ்டெண்ட் என்ற கடற்கரை ஊரில் திரைப்பட ரசனைக்கான மாலை வகுப்பு. ஆசிரியை கோடெலீவ் அன்று ஒரு பழைய பிரெஞ்சுப் படத்தை, சுருள் சுருளாக, புரொஜெக்டரில் ஓட்டினார். ஆளில்லாத கடற்கரை விடுதி. மெழுகுவத்திகள். சிவப்பு வெல்வெட் அங்கியில் இரத்தம் குடிக்கும் ஒருத்தி. கதை என்று ஒன்றும் கிடையாது. வகுப்பே இரண்டாகப் பிளந்தது.

"அம்மணமும் மெழுகுவத்தியும்! இதுக்குப் பேரு கலையாக்கும்?" என்றார் டிராம் ஓட்டி ஓய்வுபெற்ற ஓமேர்.

"பிடிக்கலைன்னா கண்ண மூடிக்க வேண்டியதுதானே? நீங்க மூடலையே!" என்றார் கோடெலீவ்.

எல்லோரும் சிரித்தார்கள். பக்கத்தில் யோரன் சிரிக்கவில்லை, திரையில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். வசந்தத்தில் என்னை மணக்கப்போகிறவன். என்னை ஒருநாளும் அவன் அப்படிப் பார்த்ததில்லை. திரையில் இருப்பவளிடம் பொறாமைப்படுவது அசட்டுத்தனம்தான். ஆனாலும் அவன் விலாவில் இடித்தேன்.

"மூச்சு விடுடா."

"உஷ்... சும்மா இரு, வீர்லே."

மணி எட்டுப் பத்து இருக்கும். திரையில் அவள் படியிறங்கி வந்தாள். தூங்கும் ஒருவன்மேல் குனிந்தாள். அவன் சட்டைப் பொத்தானைக் கழற்றினாள்.

அப்போதுதான் கவனித்தேன். புரொஜெக்டரின் சத்தம் இல்லை.

சர்ர்... சர்ர்...

பக்கத்தில் துணி உரசியது.

யோரனுக்கு அந்தப்பக்கம் காலி நாற்காலிதான்.

அவன் கையைப் பற்றினேன்.

அதற்குள் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

சில்லென்று...

கத்தினேன்.

அறையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இடைவேளை. எல்லோரும் மேசையருகே காபிக் கோப்பையோடு நின்று என்னையே பார்த்தார்கள். நாற்காலியில் நாங்கள் இருவர் மட்டும். யோரனின் சட்டை, கழுத்துக்குக் கீழே திறந்திருந்தது.

மறுநாள் காலை கோடெலீவ் தொலைபேசியில் அழைத்தார்.

"தப்பு பண்ணிட்டேன் வீர்லே. மூணாவது சுருளப் போடவே மறந்துட்டேன். டப்பா பிரிக்காம அப்படியே இருக்கு. ஒருத்தர்கூடக் கண்டுபிடிக்கல பாரு! பிடிச்சவங்க ஆழம்னாங்க, ஓமேர் குப்பைன்னாரு."

"அதுல... என்ன வரும்?"

"அவ படியிறங்கி வருவா. தூங்குறவனோட பொத்தானக் கழட்டுவா. ஏன்?"

யோரனிடம் சொன்னேன். பயப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகம் கறுத்தது.

"நீயும் பாத்தியா?"

"பாத்தேன்."

"எனக்கு மட்டும்தான்னு சொன்னாளே..."