வளைவில் ஒளிரும் முகம்

கோமதி இறந்த செய்தி கோமதியின் எண்ணிலிருந்தே வந்தது. வானகரம் சிக்னலில் நின்றிருந்தேன். "அம்மா காலையில் தவறிட்டாங்க. ஹார்ட் அட்டாக்" என்று அவர் மகள் அனுப்பியிருந்தாள். அதற்கு நேர் மேலே, முந்தைய நாள் கோமதி அனுப்பிய ஒரு போர்டின் வடிவம். 'எழுத்து சின்னதா இருக்குதான்னு பாத்து சொல்லு' என்று கேட்டிருந்தார்.

முகப்பேரில் எங்கள் வடிவமைப்பு அலுவலகத்தில் அவரும் நானும் அடுத்தடுத்த மேசை. அங்கே அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் ஏரிக்கரைச் சாலையில் நடந்தது முழுதும் தெரிந்தவள் இப்போது நான் மட்டும்தான்.

நசரத்பேட்டைக்குப் பின்னால் ஏரியை ஒட்டிப் போகும் சாலையை 'எழில் சாலை' என்று அரசு அறிவித்தது. பெயர், சின்னம், வழிநெடுக நிற்கும் போர்டுகள் எல்லாம் எங்கள் பொறுப்பு. கோமதி அந்தப் பக்கத்துக்காரர். அவருடைய பெற்றோர் கூலிக்கு அறுப்பு அறுத்த வயல்களில் இன்று கிடங்குகள் நிற்கின்றன. சாலையைப் படமெடுக்க அவரே கேமராவோடு கிளம்பினார்.

ஏரி முழுதாகத் தெரியும் வளைவில், ஒரு புளியமரத்தில் இளம்பெண்ணின் படம் அறையப்பட்டிருந்தது. லாரி மோதி அங்கே இறந்தவள். அவளுடைய தாய் கன்னியம்மா தினமும் சாயங்காலம் வந்து பூ வைப்பார். திட்டத்தில் அந்த இடம்தான் செல்ஃபி மேடை. சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் சாவைப் பார்க்கக் கூடாது, படத்தை எடுத்துவிடலாம் என்றார் அதிகாரி.

கோமதி குரலை உயர்த்தவில்லை. "சார், அந்தப் பொண்ணு மூஞ்சியப் பாத்துதான் அங்க வண்டிங்க மெதுவா போவுது. அத்த எடுத்துட்டு அழகுன்னு போர்டு வெச்சா, இன்னொரு போட்டோ மாட்ட வேண்டி வரும்."

மதகுப் பக்கம் வண்டி நிறுத்த இடம் அதிகம் என்று காட்டி, மேடையை அங்கே மாற்ற வைத்தார். மரம் தப்பியது என்றுதான் நினைத்தோம். சாலையை அகலப்படுத்தியபோது வெட்டிவிட்டார்கள். படமும் மரத்தோடு போயிற்று. கன்னியம்மா எங்கள் அலுவலக வாசலில் வந்து உட்கார்ந்தார். "எம் பொண்ணு இப்ப எங்கம்மா நிக்கும்?" என்று மட்டும் கேட்டார்.

கோமதி கணினியைத் திறந்தார். தான் எடுத்திருந்த படத்திலிருந்து அந்த முகத்தைப் பிரித்து, சாலை போர்டுகளுக்கான ஒளிரும் தாளிலேயே அச்சடித்தார். பெயரோ வாசகமோ இல்லை. கன்னியம்மாவும் நாங்களும் போய்க் கம்பம் நட்டோம். அதையும் எழில் சாலையின் போர்டு என்று நினைத்தார்களோ என்னவோ, இன்றுவரை யாரும் கைவைக்கவில்லை. இருட்டியதும் வண்டி வெளிச்சம் பட்டால் அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று எழுகிறது. எல்லாக் கால்களும் பிரேக்குக்குப் போகின்றன.

கோமதியின் சாவு வீட்டில், மாலை போட ஒரு நல்ல படம் கேட்டார்கள். அலுவலகக் கணினி முழுக்கத் தேடினேன். அத்தனை சாலைகளையும் படமெடுத்தவர், ஒரு படத்திலும் இல்லை.

என்னிடம் மிச்சமிருப்பது, மரம் போய், கம்பம் நடுவதற்கு முன் அந்த வளைவில் காரிலிருந்து அவர் எடுத்த ஒரு சிறு வீடியோ. அதில் அவர் மூச்சு கேட்கிறது. பிறகு டிரைவரிடம் சொல்கிறார்: "ஓரமா நிறுத்து நைனா. யாரோ நிக்கிறாங்க."

திரையில் ஏரியும் வெறும் சாலையும் மட்டுமே தெரிகின்றன.