காருக்கு வைத்த வாய்

சீவரத்தினம் இடது உள்ளங்கையால் எஞ்சினின் காற்றுக் குழாயைப் பொத்திக்கொண்டு கண்ணை மூடுகிறார். கை உள்ளே இழுபடுகிறது. எஞ்சின் திணறுகிறது, குலுங்குகிறது. அணையப்போகிற கட்டத்தில் கையை எடுக்கிறார். உள்ளங்கையில் சிவப்பாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் நோயைச் சொல்வார். "ஆளுக்கு நெஞ்சிலை சளி." அல்லது, "ஆள் நல்ல சுகம். உவர் எங்களை எல்லாம் அனுப்பிப்போட்டுத்தான் போவார்."

கொக்குவிலில் ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு வேப்பமரமும் அதன் கீழ் நாலு தகரமும்தான் அவருடைய கராஜ். வேலை செய்யும்போது சட்டையைக் கழற்றி மரத்தில் கொழுவிவிடுவார். கார்க்காரரோடு கதைக்க வேண்டுமென்றால் சட்டையைப் போட்டுப் பொத்தானையும் பூட்டிக்கொண்டுதான் கதைப்பார். கதை முடிந்ததும் மறுபடி கழற்றுவார். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது இது நடக்கும். இன்னொன்று, எந்தக் காரையும் அவர் "அது" என்று சொன்னதில்லை. எல்லாம் "ஆள்", "அவர்", "உவர்". பழைய ஒஸ்ரின் கார் வந்தால் "ஐயா".

எண்பத்தாறாம் ஆண்டு தை மாதம், பருத்தித்துறையிலிருந்து கனகசபாபதி ஒரு வெள்ளை ஜப்பான் காரை ஓட்டி வந்தார். பின் இருக்கையில் அவருடைய அக்கா கமலாவதி, மடியில் ஒரு மட்டைப் பெட்டியோடு இருந்தார். கார் கமலாவதியின் மகன் சண்முகநாதன் வாங்கியது. கப்பலில் எஞ்சினியர். ஜப்பானில் வாங்கி, கொழும்புக்கு ஏற்றிவிட்டு, கடிதம் எழுதியிருந்தான்: டிக்கியில் இருக்கிற பெட்டியை ஒருவரும் தொடவேண்டாம், நான் வந்து பூட்டுறன். கார் கொழும்பில் இறங்க இரண்டு கிழமைக்கு முன் தந்தி வந்தது. புயலில் கப்பல் தட்டிலிருந்து அவனைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடல் கிடைக்கவில்லை. படத்தை வைத்துத்தான் முப்பத்தோராம் நாள் கிரியை செய்தார்கள்.

கமலாவதியின் மடியில் இருந்த அந்தப் பெட்டிக்குள், எஞ்சினை மூடுகிற பொனற்றின் மேல் பூட்டும் கறுப்புக் கூடு இருந்தது. முன்பக்கம் திறந்திருக்கும், ஓட்டத்தில் எதிர்க்காற்றை அள்ளி உள்ளே அனுப்பும். அந்தக் காரில் டர்போ இருந்தது. புகையின் விசையில் சுழன்று, காற்றை இழுத்து எஞ்சினுக்குள் திணிக்கிற ஒரு சின்ன விசிறி. குளிர்ந்த காற்றுக் கிடைத்தால் அதற்குப் பலம் கூடும். கூட்டுக்கு இங்கே பெயர் இல்லை. சீவரத்தினம் சட்டையைப் போட்டுக்கொண்டு பெயர் வைத்தார்.

"உது வாய், அக்கா. ஆள் இவ்வளவு நாளும் வாயில்லாமல் மூச்சு விட்டிருக்கிறார்."

"அவன் தான் வந்து பூட்டுறன் எண்டவன், தம்பி."

"நான் பூட்டுறன். என்ரை கையாலை வடிவாப் பூட்டித் தாறன்."

கனகசபாபதி வேப்பமரத்தடியில் வெற்றிலை மடித்தபடி சீண்டினார். "என்ன ஐசே, காருக்கு வாய் வைக்கிறீர். பிறகு பல்லுக் கட்டவும் உம்மட்டைத்தான் வரவேணுமோ?"

"கதைக்கிற ஆளுக்குத்தான் அண்ணை பல்லு வேணும்."

இரண்டு நாள் எடுத்தது. புத்தம்புதுப் பொனற்றில் அளவு பிசகாமல் ஓட்டை வெட்டினார். கூட்டிலிருந்து டர்போவுக்குக் குழாய் இழுத்தார். இடையில் இருந்து தூசியை மறிக்கவேண்டிய எயார் பில்ரரில் கப்பல் உப்பும் தூசியும் அடைத்திருந்தன. புதிது கிடைக்காது. மண்ணெண்ணெயில் கழுவிக் கொடியில் போட்டார். காய்ந்த பிறகு வைக்கலாம், ஒருக்கா ஓட்டிப் பார்ப்பம் என்று எஞ்சினை முடுக்கினார். உள்ளங்கையால் வாயைப் பொத்தினார். இழுத்த இழுப்பில் முழங்கை வரைக்கும் விறைத்தது. வாழ்நாளில் அப்படியொரு மூச்சை அவர் தொட்டதில்லை.

எஞ்சினை நிறுத்திவிட்டு, பருத்தித்துறையிலிருந்து மறுபடி வந்து நின்ற இருவரோடும் கதைக்கச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, வாய் வைச்சாச்சு. ஆள் வந்திட்டார். தொட்டுப் பாருங்கோ, இன்னும் சூடு இருக்கு."

கமலாவதி தொட்டுப் பார்த்தார். கறுப்பு வாயைச் சுற்றி விரலால் மெல்லத் தடவினார். கற்பூரமும் தேசிக்காயும் கொண்டுவந்திருப்பதாகவும் ஒரு நிமிடம் பொறுக்கும்படியும் சொன்னார். சீவரத்தினம் கொடியடிக்குப் போனார். பில்ரர் இன்னும் காயவில்லை. கனகசபாபதி தேசிக்காய்களைச் சில்லுகளுக்குக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு, "அக்கா ஒருக்காச் சத்தத்தைக் கேக்கட்டும், முடுக்கும் ஐசே," என்றார்.

சீவரத்தினம் ஏறி மிதித்தார்.

விசிறி எழும்பியது. அடுத்த கணம் தகரத்தில் ஆணி இழுபடுவதுபோல ஓர் அலறல். பொனற்றுக்குள் எதுவோ படபடவென்று உடைந்தது. புகை அடித்தது. எஞ்சின் தானாக நின்றது. வேப்பமரத்துக் காகங்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. கார் குலுங்கியதில் சில்லுக்குக் கீழே தேசிக்காய் ஒன்று நசிபட்ட மணம் வந்தது.

சீவரத்தினம் இறங்கிக் குழாயைக் கழற்றினார். விசிறித் தகடுகள் மடங்கியும் முறிந்தும் கிடந்தன. குழாயைக் கவிழ்த்துத் தட்டினார். உள்ளங்கையில் அரிசி கொட்டியது.

அறுகரிசி என்றுதான் முதலில் நினைத்தார். புதுக் காருக்கு ஆசீர்வாதமாக யாராவது போட்டிருக்கலாம். ஆனால் அதில் அறுகம்புல் இல்லை. மஞ்சளும் இல்லை. வெறும் வெள்ளைப் பச்சையரிசி, செத்தவீட்டில் வாய்க்குப் போடுகிற அரிசி.

நிமிர்ந்து பார்த்தார். கமலாவதியின் வலது கை விரல்களில் அரிசி மா ஒட்டியிருந்தது. சேலைத் தலைப்பில் முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. பருத்தித்துறையிலிருந்து முடிந்துகொண்டே வந்திருக்கிறார். அவருடைய முகத்தில் பயமில்லை, வெட்கமுமில்லை. செய்ய வேண்டியதைச் செய்து முடித்த களைப்பு மட்டும் இருந்தது.

சீவரத்தினம் கையிலிருந்த அரிசியை மறுபடி பார்த்தார். வாய். ஆள். மூச்சு. சூடு. எல்லாம் அவர் சொன்ன சொற்கள்தான்.

"என்ன நடந்தது?" கனகசபாபதி ஓடி வந்தார். "என்ன ஐசே நடந்தது? பொடியன் விட்டிட்டுப் போன ஒரே ஒரு சாமான்!"

சீவரத்தினம் கையை இறுக மூடினார். மற்றக் கையால் சட்டையின் மேல் பொத்தானைத் தடவிப் பூட்டினார்.

"என்ரை பிழை, அண்ணை. பில்ரர் போடாமல் முடுக்கிப்போட்டன். கல்லு இழுபட்டிட்டுது."

"இருபத்தைஞ்சு வரியமாக் கராஜ் வைச்சிருக்கிறீர். உதுகூடத் தெரியாதோ?"

"தெரியும். மறந்திட்டன்."

"ஊர் முழுக்கச் சொல்லுவன்."

"சொல்லுங்கோ."

கனகசபாபதி காறித் துப்பினார். பிறகு குரல் இறங்கியது. "ஆள் தப்புவாரோ?"

சீவரத்தினம் கமலாவதியைப் பார்க்காமல் சொன்னார்: "அது இரும்பு, அண்ணை."

அரிசியைச் சட்டைப் பைக்குள் போட்டார். பொனற்றை மெதுவாக, சத்தம் வராமல் இறக்கினார். பிறகு, எஞ்சின் நின்று எவ்வளவோ நேரமாகியும், இடது உள்ளங்கையை அந்த வாயின் மேல் வைத்துப் பொத்தினார். எடுக்கவில்லை.